மணிக்கட்டில் இரண்டு பட்டைகள்

ஓசூருக்கும் மணிக்கட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி இங்கே ஆலை வைத்தன. 1987இல் கடிகாரங்கள் கடைக்கு வந்தன. 2002இல் வந்த 'எட்ஜ்' கடிகாரத்தின் மொத்தத் தடிமனே மூன்றரை மில்லிமீட்டர்தான்; உள்ளே ஓடும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். அந்த மெல்லிய பொருளைப் பற்றி ஊர்க்காரர்கள் சொந்தப் பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள்.

இன்றைக்குப் பாகலூர் சாலை மொபைல் கடைகளில் தொங்கும் பட்டை வேறு சாதி. நேரத்தையும் காட்டும், ஆனால் அதற்காக யாரும் வாங்குவதில்லை. அடிகளை எண்ணும், நாடித்துடிப்பைப் பார்க்கும், எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று காலையில் கணக்கு ஒப்பிக்கும். ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து பல ஆயிரம் வரை விலை. ராமநாயக்கன் ஏரிக்கரையில் நடக்கிறவர்கள் கையிலும், சந்திரசூடேஸ்வரர் மலைப்படி ஏறுகிறவர்கள் கையிலும், ஜுஜுவாடிப் பக்கம் ஒரே அறையில் நான்கு பேராகத் தங்கி ஷிப்டுக்குப் போகும் பையன்கள் கையிலும் இருக்கிறது. எங்கள் தெருத் தம்பி ஒருவன், சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறவன், "அண்ணா, எது வாங்கலாம், சொல்லுங்க. ஜிம்முக்கும் ஆகணும், கம்பெனிக்கும் ஆகணும்" என்று கேட்டான். பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்தப் பொருளை எடைபோட வேண்டும்.

எடைபோடும் முறையை ஓசூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவுக்கருவிகளை வைத்தே பிழைக்கும் ஊர் இது. எந்தப் பட்டறைக்குப் போனாலும் வெர்னியர், மைக்ரோமீட்டர், அதன்மேல் காலிபரேஷன் ஸ்டிக்கர். அங்கே ஒரு கருவியிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். உண்மை அளவை எவ்வளவு ஒட்டிச் சொல்கிறது? ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே அளவைச் சொல்கிறதா? முதல் கேள்வியில் கொஞ்சம் சறுக்கினாலும் பரவாயில்லை. எப்போதும் ஒரே அளவு கூட்டிக் காட்டும் வெர்னியரைக் கழித்துப் பார்த்து ஓட்டிவிடலாம். வேளைக்கு ஒன்று சொல்கிற கருவி ஸ்கிராப்புக்குத்தான்.

நாடித்துடிப்பை எடுத்துக்கொள்வோம். பட்டையின் அடியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒருமுறை அடிக்கும்போது தோலுக்கடியில் ரத்தம் கூடுகிறது, திரும்பிவரும் ஒளி குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேர் கையில் ஏழு கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் துடிப்பை ஐந்து சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. தோல் நிறம் கறுக்கக் கறுக்கப் பிழை கூடியது என்பதையும் அதே ஆய்வு குறித்தது. நம் பக்கத்து ஆட்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. கருவி என்னதான் நல்லதாக இருந்தாலும் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாமல், இறுக்கிப் பிடிக்காமல் கட்ட வேண்டும். வளையல் மாதிரி தொளதொளவென்று போட்டால் வெளிச்சம் உள்ளே புகுந்து கணக்கைக் கெடுக்கும். மார்கழிக் காலையில் கை விறைத்திருக்கும்போது தோலுக்கு வரும் ரத்தம் குறைவு, அப்போதும் தடுமாறும். சீராக ஓடினால் நன்றாக எண்ணும். டம்பெல் தூக்கி மணிக்கட்டை மடக்கினால் குழம்பும். ஜிம்மில் துடிப்பு துல்லியமாக வேண்டும் என்பவர்களுக்கு நெஞ்சுப்பட்டைதான் சரி. அது இதயத்தின் மின்சாரத்தையே நேரடியாகப் பிடிக்கிறது.

கலோரிக் கணக்கை மட்டும் மன்னிக்க முடியாது. அதே ஸ்டான்ஃபோர்டு சோதனையில் செலவான ஆற்றலைச் சொன்னதில் மிக நல்ல கருவியே 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். எந்தக் குவாலிட்டி இன்ஸ்பெக்டரும் இதைக் கருவி என்று ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் முகப்பில் பெரிய எழுத்தில் மின்னுவதும், "நானூறு எரிச்சிட்டேன், ரெண்டு புரோட்டா கூட சாப்பிடலாம்" என்று பேச வைப்பதும் இதுதான். எடை குறையும் என்ற ஆசையில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் நடத்திய இரண்டு ஆண்டுச் சோதனையின் முடிவு 2016இல் 'ஜாமா' இதழில் வந்தது. உணவு, உடற்பயிற்சி ஆலோசனையோடு கருவியையும் அணிந்தவர்கள் சராசரியாக மூன்றரைக் கிலோ குறைந்தார்கள். கருவி இல்லாதவர்கள் கிட்டத்தட்ட ஆறு கிலோ குறைந்தார்கள்.

அடுத்து அடிகள். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் என்ற இலக்கு எந்த மருத்துவரின் சீட்டிலிருந்தும் வந்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானின் யமாசா நிறுவனம் 'மான்போ-கெய்' என்று ஓர் அடிமானியை விற்றது. பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள். விற்பனைக்கு வைத்த பெயர் உலகத்துக்கே விதியாகிவிட்டது. அறிவியல் பின்னால் வந்து சேர்ந்தது. 2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர், சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து சொன்னார்கள்: நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு, 7,500ஐ ஒட்டி அந்த நன்மை நின்றுவிடுகிறது.

இதுவரை எழுதியதை எந்த ஊர்ப் பத்திரிகையிலும் எழுதலாம். ஓசூரில் வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் திரும்புகிறது.

ஸ்டோர்ஸ் தம்பி ஒரு ஷிப்டில் ரேக்குக்கும் லைனுக்கும் நடக்கிற நடை கொஞ்சநஞ்சமில்லை. பத்தாயிரமெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும். அதிலும் டிராலி தள்ளும்போது கை ஆடாது. கை ஆடாவிட்டால் மணிக்கட்டுக் கருவிக்கு நடை பாதி கண்ணில் படாது. நின்ற இடத்தில் நின்று பாக்கிங் செய்கிறவருக்கோ கால் நகராமலே அடி ஏறும். இந்தப் பிழைகள் இருக்கட்டும். சரியாகவே எண்ணியது என்று வைத்துக்கொள்வோம். மாலை கருவி அதிர்ந்து, பட்டாசு வெடிக்கிற படம் காட்டி, 'இலக்கை எட்டிவிட்டீர்கள்' என்று வாழ்த்துகிறது. அவன் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கிறான். இவன் ஆரோக்கியமாக இருக்கிறானா?

கோபன்ஹேகனில் இந்தக் கேள்வியையே கேட்டார்கள். ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழுவினர் 1,04,046 பேரைத் தொடர்ந்து கவனித்து 2021இல் ஐரோப்பிய இதயவியல் இதழில் எழுதினார்கள். ஓய்வு நேரத்தில் உடலை அதிகம் அசைத்தவர்களுக்கு இறப்பு அபாயம் குறைந்தது. வேலையில் உடலை அதிகம் அசைத்தவர்களுக்குக் கூடியது. புகை, வருமானம், படிப்பு போன்றவற்றையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் அப்படியேதான். அவை முழுதாகக் கழிந்தனவா என்ற சண்டை ஆய்வாளர்களிடையே இன்னும் நடக்கிறது, நடக்கட்டும். ஹோல்டர்மன் குழு சொன்ன காரணம் சிப்காட்டில் வேலை பார்த்த யாருக்கும் புதிதில்லை. ஏரிக்கரையில் நடப்பவர் அரை மணி நேரம் மூச்சு வாங்க நடக்கிறார், பிறகு உட்கார்ந்து காபி குடிக்கிறார். துடிப்பு ஏறுகிறது, இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இதயம் பலம் பெறுகிறது. வேலையில் வேகம் பயிற்சியாகும் அளவுக்கு ஏறுவதில்லை, ஓய்வாகும் அளவுக்கு இறங்குவதுமில்லை. எட்டு மணி நேரமும் துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் உயர்ந்தே கிடக்கின்றன. இளைத்தால் நிற்கலாம் என்ற உரிமை ஏரிக்கரையில் உண்டு, லைனில் கிடையாது.

ஆக, கருவி எண்ணுவது அடியை. உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்வது, அந்த அடியை எடுத்து வைத்த நேரம் யார் கையில் இருந்தது என்பதை. இரண்டு பேர் ஒரே எண்ணிக்கை நடந்து, ஒருவர் தேறி வரலாம், மற்றவர் தேய்ந்து போகலாம். இதை அளக்கும் சென்சார் எந்த விலைக்கும் இல்லை.

இந்த வட்டாரத்தில் இன்னொரு மணிக்கட்டுப் பட்டை உண்டு. மின்னணுப் பொருள் செய்யும் இடங்களில் லைனில் உட்காரும் பிள்ளைகள் கட்டிக்கொள்வது. மெல்லிய பட்டை, அதிலிருந்து சுருள் வயர், அதன் மறுமுனை மேசை வழியாக எர்த்தில். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சில்லுக்குள் பாய்ந்து அதைக் கெடுத்துவிடாமல் தரைக்கு இறக்கிவிடும். உள்ளே போகுமுன் டெஸ்டரில் விரலை வைக்க வேண்டும். பச்சை எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் பட்டையை மாற்ற வேண்டும். வயருக்குள் ஒரு மெகாஓம் மின்தடை இருக்கும். தவறிக் கரண்டைத் தொட்டால் அணிந்தவருக்கு ஷாக் அடிக்காமலிருக்க அது. மற்றபடி அந்தப் பட்டை முழுக்க முழுக்கச் சில்லின் பாதுகாப்புக்கு. இப்படிப்பட்ட பல இடங்களில் சொந்தக் கடிகாரத்தை லாக்கரில் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய முடியும். உடம்பு அதிகம் உழைக்கிற எட்டு மணி நேரம் உடம்பைப் பார்க்கிற பட்டை இருட்டில் கிடக்கிறது, பொருளைப் பார்க்கிற பட்டை கையில் இருக்கிறது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. சில்லு கெட்டால் நஷ்டம், பிடிப்பதற்கு டெஸ்டர் உண்டு. ஆள் அசந்தால் அதைப் பிடிக்க வாசலில் விளக்கு இல்லை, அவ்வளவுதான்.

கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்குக் கடிகாரத் தடை இல்லை. ஒருவர் மகன் வாங்கித் தந்த பட்டையைக் கட்டியிருந்தார். கைகளைப் பின்னால் கட்டி நின்றபடியே இருப்பவரைக் கருவி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, மணிக்கொரு முறை அதிர்ந்து, 'எழுந்து கொஞ்சம் நடங்கள்' என்கிறது. "நின்னு நின்னு முட்டி போச்சு, இது வேற நடக்கச் சொல்லுதுங்க" என்று சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து கணினி பார்க்கிறவரை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. நகர்ந்தால் பாராட்டும், நகராவிட்டால் குத்தும். 'போதும், உட்காருங்கள்' என்று சொல்லும் பட்டை இவர் கைக்கு இன்னும் வரவில்லை.

அதைச் சட்டம் சொல்லியிருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்றே வேலை செய்ய வேண்டிய தொழிலாளிக்கு, வேலைக்கிடையே கிடைக்கும் வாய்ப்பில் இளைப்பாறுவதற்கு உட்கார வசதி வேண்டும் என்றது. நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்ற வரம்பும் அதே சட்டத்தில்தான் இருந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். அந்த நாட்களில் டீக்கடைகளில் யாரும் இதய அறிவியல் பேசவில்லை. "பன்னெண்டு மணி நேரம் நின்னா அப்புறம் எப்பத் தூங்கறது, எப்பப் புள்ளயப் பாக்கறது" என்றுதான் பேசினார்கள். கோபன்ஹேகன் ஆய்வு சுற்றிவளைத்துச் சொன்னதும் இதைத்தான்.

தம்பிக்குச் சொன்ன பதில் இதுதான். விலை குறைந்ததே போதும். பட்டை தோலை உறுத்தாமல் இருக்க வேண்டும், சார்ஜ் நாலைந்து நாள் நிற்க வேண்டும். ஊசி குத்தாமல் சர்க்கரை பார்க்கும் என்று யாராவது விற்றால் கடையை விட்டு இறங்கிவிடு. அப்படி எந்த வாட்ச்சுக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. கலோரி, அடி இரண்டையும் முகப்பிலிருந்து எடுத்துவிடு. காலையில் எழுந்ததும் கருவி காட்டும் ஓய்வுநிலைத் துடிப்பை மட்டும் குறித்து வை. அது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி சொல்லக்கூடிய அளவு, பட்டறைப் பரீட்சையில் பாஸாகும். பகல் ஷிப்ட் வாரத்தில் எவ்வளவு, நைட் ஷிப்ட் வாரத்தில் எவ்வளவு, தொடர்ந்து ஓ.டி. பார்த்தபோது எவ்வளவு என்று பக்கத்தில் எழுது. காய்ச்சல், சரக்கு, தூக்கக்கேடு எல்லாவற்றுக்கும் அது ஏறும். ஆகவே அவற்றையும் எழுது.

"எழுதி என்னண்ணா பண்றது?" என்றான்.

அடுத்த மாதம் ஓ.டி. பட்டியலில் உன் பெயர் தொடர்ச்சியாக வந்தால், எதிலிருந்து விலகிக்கொள்வது என்று நீயே முடிவு செய்யலாம். நாலு பேர் குறித்து வைத்திருந்தால் சூப்பர்வைசர் முன்னால் சேர்ந்து பேசலாம் என்றேன். கம்பெனியே எல்லோருக்கும் இலவசமாகப் பட்டை தரப்போகிறதாம் என்று வேறோர் இடத்தில் பேச்சு அடிபடுவதாகச் சொன்னான். வாங்கிக்கொள், ஆனால் அந்தக் கணக்கு யாருடைய திரையில் தெரியும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு கட்டிக்கொள் என்றேன். பி ஷிப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான்.