பாய் நைந்த படகு

ஒளி என்றதும் அதை நல்லதென்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். கவிதையில் எவ்வளவோ தேய்ந்துபோன படிமம். ஆனாலும் அதன் நன்மையை யாரும் சந்தேகித்ததில்லை. ஒளியால் நஷ்டப்பட்டவர்கள் உண்டு என்பதை வடகடல் தீவு ஒன்றின் கதையில்தான் கண்டேன்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகள். அவற்றுள் ஸாண்டே தாழ்ந்த, தட்டையான தீவு. மரங்கள் அநேகமாக இல்லை. இரவில் வரும் கப்பலுக்குக் கரை இருப்பதே முட்டிய பிறகுதான் தெரியும். முட்டி உடைந்த கப்பல்களின் மரம் ஸாண்டேயின் வயல்களுக்கு வேலியாயிற்று. கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊரில் மர வேலி! பார்லிக் கஞ்சிக்குக் கிளாரட் ஒயினைத் தொட்டுக்கொண்டவர்களும் இருந்தார்களாம். 1806-ல் ராபர்ட் ஸ்டீவன்ஸன் என்ற பொறியாளர் தீவின் கிழக்குக் கோடியில், ஸ்டார்ட் பாயின்ட்டில், கலங்கரை விளக்கை ஏற்றினார். ஸ்காட்லாந்தின் முதல் சுழல் விளக்கு அது.

ஒரு சமயம் அங்கே ஒரு படகின் பாய் நைந்திருப்பதைப் பார்த்து ஸ்டீவன்ஸன் குறை சொன்னார். நீங்கள் விளக்குகளோடு வராமலிருக்கக் கடவுள் சித்தம் வைத்திருந்தால் எங்களுக்கு நல்ல பாய் கிடைத்திருக்கும் என்கிற பொருளில் படகுக்காரர் பதில் சொன்னார்.

இந்தப் பதிலைக் கேட்டுச் சிரித்துவிடலாம், அருவருக்கவும் செய்யலாம். இரண்டும் சுலபம். அவர் பொய் விளக்குக் காட்டிக் கப்பலைக் கவிழ்த்தவர் அல்ல. கடல் செய்வதைக் கடல் செய்தது. அவர் கரையில் காத்திருந்தார். பிறர் நாசத்தை விளைவிப்பதும் அதை எதிர்பார்த்திருப்பதும் ஒன்றல்ல. ஒன்றல்ல என்பதாலேயே இரண்டாவது நிரபராதமாகிவிடுமா? சவப்பெட்டி செய்கிற தச்சன் சாவை வேண்டுவதில்லை. ஆனால் சாவே நின்றுபோகிற செய்தி வந்தால் அவன் முகத்தில் முதலில் வருவது என்ன? எழுதுகிற நாமும் கரையில் ஒதுங்கும் மரத்தைப் பொறுக்குகிறவர்கள்தாம். அடுத்த வீட்டுத் துக்கத்தில் நமக்கு ஒரு வரி கிடைத்துவிடுகிறது. இதை ஒப்புக்கொள்ள நமக்கு அந்தப் படகுக்காரரின் நேர்மை இல்லை.

ஸ்டீவன்ஸன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு மாலுமியின் உயிருக்கு எதிரே எத்தனை பாய் வைத்தாலும் தட்டு சமமாகாது. விளக்கு ஏற்றத்தான் வேண்டும். என்றாலும் அது கடலைப் பார்த்து எரிந்த விளக்கு. கப்பல்களுக்கு அது சொன்னது ஒன்றே: இந்தப் பக்கம் வராதே. தீவுக்காரனிடம் அது எதையும் கேட்கவில்லை. அவன் இழந்ததற்கு ஈடாக எதையும் தரவுமில்லை. நன்மைக்கும் ஒரு விலை உண்டு. அதை நன்மை செய்கிறவன் கொடுப்பதில்லை. விலை கொடுத்தவன் முனகினால் அவனை மூடன் என்கிறோம், கொடியவன் என்கிறோம்.

தனக்கு எதிரான அந்தப் பதிலை ஸ்டீவன்ஸன் மறைக்கவில்லை, எழுதி வைத்தார். அவர் கட்டிய விளக்குகளுக்குச் சற்றும் குறையாத காரியம் இது என்று எனக்குப் படுகிறது. சரியானதைச் செய்வது பாதிதான். அதனால் யாருக்கு நஷ்டம் என்று காதில் விழவும் வேண்டும்.

ஸ்டார்ட் பாயின்ட் விளக்கு 1962-ல் தானியங்கியாயிற்று. 1998-ல் ஃபேர் ஐல் தீவின் தெற்கு விளக்கிலிருந்தும் காவலர்கள் விலகினார்கள். அதோடு ஸ்காட்லாந்தில் ஆள் வைத்த விளக்கே இல்லை. விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. குறை சொல்ல வருகிறவன் யாரிடம் சொல்வான்?