உன் திரையில் கை வை

2,630 கோடி டாலர். உலகத்தின் ஃபோன்களிலும் பிரவுசர்களிலும் தன்னுடைய தேடலே முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக, 2021 என்ற ஒரே ஆண்டில் கூகுள் அள்ளிக் கொடுத்த தொகை அது. வாட்ஸ்அப்பில் வந்த கணக்கு என்று நினைத்துவிடாதே. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கு. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா அந்த வழக்கில் தீர்ப்பெழுதினார்.

இத்தனை பணம் எதற்கு என்று யோசித்தாயா? உன் கையை யாரும் கட்டிப்போடவில்லை. பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், செட்டிங்ஸில் வழி இருக்கிறது. நீ அந்தப் பக்கம் போகவே மாட்டாய் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்த விலை! உன் தயக்கத்தின் மேல், உன் ‘இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்’ மேல் கட்டிய பந்தயம் அது. வருஷா வருஷம் கட்டுகிறார்கள், வருஷா வருஷம் ஜெயிக்கிறார்கள். தம்பி, தங்கச்சி, ரோஷம் வரவில்லையா?

ஃபோனை எடு. முகப்புத் திரையைப் பார். மேலேயோ கீழேயோ ஒரு தேடல் பட்டை. அதை அங்கே வைத்தது நீயா? பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் இந்தப் பட்டை திரையில் இருந்தாக வேண்டும் என்று ஃபோன் தயாரிப்பாளர்களோடு ஒப்பந்தம் போட்டு வைத்தது கூகுள். இதுபோன்ற கட்டாயங்களுக்காகத்தான் 2018இல் ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. அடுத்து அந்த ஷாப்பிங் ஆப். கடையில் ஃபோன் வாங்கும்போதே உள்ளே குடியிருந்தது. அந்தச் செய்தி விட்ஜெட், நீ கேட்காமலே தினம் காலையில் ஒரு கொலையையும் ஒரு நடிகையின் விவாகரத்தையும் உன் கண்ணில் திணிக்கிறது. தவணை கட்டியது நீ, திரையை அடுக்கியது அவர்கள். சொந்தக் காசில் வாங்கிய பொருளிலேயே, வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க ஓனர் முகத்தைப் பார்ப்பவன் மாதிரி தயங்கி நிற்கிறாய்.

தேடல் பட்டை உனக்குப் பயன்படுகிறதா? தாராளமாக இருக்கட்டும். ஆனால் நீ பார்த்து, நீ சரி என்று சொல்லி இருக்கட்டும்.

‘கை வைத்தால் ஃபோன் கெட்டுவிடுமோ?’ இந்த பயம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பட்டம் வாங்கியவர்களுக்கும் இருக்கிறது, ஆபீசில் பத்து பேரை வேலை வாங்குகிறவர்களுக்கும் இருக்கிறது. கேள். விட்ஜெட் என்பது ஆப்புக்கு வைத்த ஒரு ஜன்னல், அவ்வளவுதான். ஜன்னலை எடுத்துவிட்டால் அறை இடியாது. காலண்டர் விட்ஜெட்டைத் தூக்கி எறி. உன் ஒரு அப்பாயின்ட்மென்ட்கூட அழியாது. ஆண்ட்ராய்டில் முகப்புத் திரையை நடத்தும் லாஞ்சர் ஆப்பையே மாற்று; பழையது அங்கேயேதான் இருக்கும், வேண்டாமென்றால் நொடியில் திரும்பி வரலாம். தப்பு செய்தால் தண்டனையே இல்லாத இடம் வாழ்க்கையில் வேறு எங்கே கிடைக்கும், சொல். பரீட்சையில் தப்புக்கு மதிப்பெண் போகும், வேலையில் தப்புக்கு இன்கிரிமென்ட் போகும். இங்கே எதுவும் போகாது. இங்கேயே துணியாதவன் எங்கே துணிவான்?

அடுத்த சாக்கும் எனக்குத் தெரியும். ‘எனக்கு டிசைன் எல்லாம் வராது. எது நன்றாயிருக்கும் என்றே சொல்லத் தெரியாது.’

ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் சொல்லத் தெரியவில்லை.

1982. ஆப்பிளில் மெக்கின்டாஷ் உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே கிறிஸ் எஸ்பினோசா என்று ஒரு இளைஞன். பதினான்கு வயதிலேயே ஆப்பிளுக்குள் நுழைந்தவன், அப்போது இருபதை ஒட்டிய வயது. அவன் பொறுப்பு மென்பொருள் எழுதுவதுகூட இல்லை, மென்பொருள் எழுதுகிறவர்களுக்குக் கையேடு தயாரிப்பது. மெக்கின்டாஷில் திரையில் படம் வரையும் பகுதி எப்படி வேலை செய்கிறது என்று தானே கற்றுக்கொள்வதற்காக ஒரு குட்டி கால்குலேட்டர் எழுதினான். வேறு வேலைக்கு நடுவில் ஓரமாகத் திறந்து வைத்துக்கொள்ளும் இந்த மாதிரிக் குட்டிக் கருவிகளுக்குப் பிறகு ‘டெஸ்க் அக்சஸரி’ என்று பெயர் வந்தது. இன்றைய விட்ஜெட்டின் பாட்டன் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஜாப்ஸ் பார்த்தார். படுமோசம் என்றார். பின்னணி ரொம்பக் கருப்பு, கோடுகளின் தடிமன் தப்பு, பட்டன்கள் பெரிசு. பையன் திருத்திக் கொண்டுவந்தான். வேறு குறை. மறுபடி திருத்தினான், மறுபடி குறை. இப்படி நாட்கள் போயின. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? ‘இந்த ஆளுக்கு எதைக் காட்டினாலும் பிடிக்காது’ என்று கேன்டீனில் புலம்பியிருப்பாய். எஸ்பினோசா கால்குலேட்டரைத் திருத்துவதையே நிறுத்தினான். கால்குலேட்டரின் ஒவ்வொரு அம்சத்தையும் மெனுவில் மாற்றிக்கொள்ளும்படி ஒரு கருவி செய்தான்: கோட்டின் தடிமன், பட்டனின் அளவு, பின்னணியின் சாயல் எல்லாம். ‘இந்தாருங்கள், நீங்களே செய்துகொள்ளுங்கள்’ என்று முதலாளி முன்னால் வைத்தான். ஜாப்ஸ் உட்கார்ந்து ஒரு பத்து நிமிடம் இதையும் அதையும் மாற்றிப் பார்த்தார். தனக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தினார். அந்த வடிவம்தான் மேக் ஓஎஸ் 9 வரைக்கும், ஏறக்குறைய இருபது ஆண்டுகள், மேக் கம்ப்யூட்டர்களில் கால்குலேட்டராக இருந்தது. மெக்கின்டாஷ் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் இதை எழுதி வைத்திருக்கிறார்.

ரசனைக்குப் பேர்போன மனிதர். அவருக்கே என்ன வேண்டும் என்பது வாயில் வரவில்லை, கைக்குத்தான் வந்தது. தொட்டுத் திருகிப் பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. நீ மட்டும் தொடுவதற்கு முன்னாலேயே ‘எனக்கு வராது’ என்று எப்படித் தீர்ப்பெழுதுகிறாய்? அந்தப் பையனையும் விட்டுவிடாதே. கையேடு எழுதுகிறவன் நான், கோடிங் என் வேலையா என்று அவன் ஒதுங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

1982இல் ஒரே ஒரு மனிதருக்காகச் செய்த அந்த வசதி இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. 2009இல் ஆண்ட்ராய்டு 1.5 வந்தபோதே யார் வேண்டுமானாலும் விட்ஜெட் செய்யலாம் என்று கதவு திறந்தாயிற்று. ஐஃபோன்காரர்கள் முகப்புத் திரையில் விட்ஜெட் வைக்க 2020 செப்டம்பர் வரை காத்திருந்தார்கள். காத்திருந்தவர்கள்தான் பிறகு அதிகம் ஆடினார்கள் என்பது வேறு கதை.

ஆண்ட்ராய்டு வைத்திருக்கிறாயா? கேடபிள்யூஜிடி என்று ஒரு ஆப் இருக்கிறது, ‘கஸ்டம் விட்ஜெட் மேக்கர்’. இலவசமாகவே தொடங்கலாம். திரையில் காலி இடத்தை அழுத்திப் பிடி. விட்ஜெட்ஸ் என்று வரும். இந்த ஆப்பின் காலிச் சட்டம் ஒன்றை இழுத்துவந்து வை, அதைத் தொடு. தயாராக நிறைய டிசைன்கள் வரிசையில் நிற்கும். அவற்றைத் தொடாதே! புதிதாகச் செய்யும் பட்டனை அழுத்து. வெறும் பரப்பு வரும். வயிற்றைப் புரட்டும். வெள்ளைத் தாளைப் பார்த்த எழுத்தாளனுக்கும் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்.

ஓர் எழுத்து அடுக்கைச் சேர். அதில் சூத்திரம் எழுத இடம் இருக்கும். டாலர் குறி போடு. ஆங்கிலத்தில் பி, ஐ என்று இரண்டு எழுத்து, அடைப்புக்குறிக்குள் லெவல், மறுபடி டாலர் குறி. அவ்வளவுதான். உன் பேட்டரியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று அந்த இடத்தில் எண் வந்து நிற்கும். முதல்முறை வரும்போது உடம்பில் ஒன்று ஓடும் பார், அதற்காகத்தான் இத்தனை கத்தலும். ஒரு இயந்திரத்திடம் கேள்வி கேட்டாய், அது உனக்குப் பதில் சொன்னது. நடுவில் யாரும் இல்லை.

அதோடு நிற்காதே. ‘இஃப்’ போடு. பேட்டரி இருபதுக்குக் கீழே போனால் ‘சார்ஜ் போடுடா’ என்று காட்டு, இல்லாவிட்டால் ‘கவலை இல்லை’ என்று காட்டு. தமிழிலேயே எழுது, ஏற்றுக்கொள்ளும். கூகுள் ஃபான்ட்ஸில் கவிவனார், பவனம், மீரா இனிமை என்று அழகழகான தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒன்றை இறக்கிப் போடு. முதலில் பிழைச் செய்தி வரும். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்திருப்பாய். தேடு. கண்டுபிடி. மூடு. இஃப் என்பது பொறியியல் கல்லூரியில் முதல் வருஷ சி பாடத்தில் வரும் சமாச்சாரம். அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, எழுதிவிட்டு, மறந்துபோனவர்கள் ஏராளம். நீ தினமும் முகம் பார்க்கும் இடத்தில் அதை ஓடவிட்டிருக்கிறாய். அவர்களிடம் சான்றிதழ் இருக்கலாம், ஓடுகிற ஒன்று உன்னிடம்தான் இருக்கிறது.

சில நாள் கழித்து நீ செய்த விட்ஜெட் அசையாமல் நின்றுபோகும். சொல்லி வைக்கிறேன், நிச்சயம் பலருக்கு நடக்கும். சார்ஜை மிச்சப்படுத்துகிறேன் என்று சில ஃபோன்கள் பின்னால் ஓடும் ஆப்களைக் கொன்றுவிடும். அன்று ‘இதுக்குத்தான் சொன்னேன்’ என்று கையை உதறாதே. பேட்டரி செட்டிங்ஸில் போய் அந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடு. ஐஃபோனில் வானிலை பழையதாகவே நிற்கிறதா? அடிக்கடி பார்க்கும் விட்ஜெட்டுக்கே ஒரு நாளில் சுமார் 40 முதல் 70 முறைதான் புதுப்பித்துக்கொள்ள ஆப்பிள் அனுமதிக்கிறது. காரணம் தெரிந்தவனுக்கு ஆத்திரம் வராது, அதற்கேற்ப வேலை செய்வான்.

ஐஃபோன் என்றதும் டேவிட் ஸ்மித்தைச் சொல்லாமல் விட முடியாது. தனியாளாக உட்கார்ந்து 2008 முதல் ஆப் எழுதுகிறவர். 2020இன் முற்பகுதியில் கைக்கடிகாரத்துக்கு வாட்ச்ஸ்மித் என்று ஒன்று செய்தார். ஜூனில் ஆப்பிள் விட்ஜெட்டை அறிவித்ததும் அதே எண்ணத்தை ஃபோனுக்குத் திருப்பி விட்ஜெட்ஸ்மித் ஆக்கினார். செப்டம்பர் 15ஆம் தேதி ஆப்பிள் ‘நாளைக்கு வெளியீடு’ என்று சொன்னபோது எத்தனையோ டெவலப்பர்கள் தலையில் கை வைத்தார்கள். தயாராக இருந்தவர்களில் அவர் ஒருவர். சில நாட்களில் டிக்டாக்கில் பிள்ளைகள் தங்கள் திரைகளைக் காட்டிக் காட்டி அந்த ஆப்பை ஆப் ஸ்டோரின் உச்சிக்கு ஏற்றினார்கள். (நம் நாட்டில் அதற்குள் டிக்டாக் தடையாகிவிட்டது. அந்தக் கூத்தை நாம் தூரத்திலிருந்துதான் பார்த்தோம்.) பன்னிரண்டு வருஷ உழைப்பு ஒரு வாரத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அதிர்ஷ்டம் வந்த அன்று கையில் முடித்த வேலை இருந்தது.

அந்த அலையில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் நடந்தது. ஊரெல்லாம் ஒரே பழுப்பு நிறம், ஒரே காபிக் கோப்பை படம், ஒரே சாய்ந்த எழுத்து. கம்பெனி அடுக்கியதைக் கலைத்துவிட்டு, பின்ட்ரெஸ்டில் யாரோ அடுக்கியதை அப்படியே ஒட்டிக்கொண்டார்கள். எஜமானை மாற்றியதற்குப் பெயர் விடுதலையா? உனக்குக் காலையில் முதலில் என்ன தெரிய வேண்டும்? டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாயா, பரீட்சைக்கு மீதி நாட்களைப் பெரிய எழுத்தில் வை. மாவு வியாபாரமா, இன்றைய ஆர்டர் குறிப்பை முதலில் வை. மீன்பிடிக் குடும்பமா, காற்றின் வேகம் முதலில் வரட்டும். மற்றதைத் தூக்கு. முக்கியமாக, தினம் ஒரு பொன்மொழி காட்டும் விட்ஜெட்டைத் தூக்கு! தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதுகிறவனே சொல்கிறேன். மூன்றாம் நாள் அது கண்ணில் படாது. மீதி நாட்கள் குறைவது கண்ணில் படும்.

இரவு ரெண்டு மணி வரை நிறம் மாற்றிக்கொண்டே உட்காராதே. அதுவும் ஒரு ஒளிவிடம்தான், படிக்காமல் மேஜையையே துடைத்துக்கொண்டிருப்பவன் ஒளியும் இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். செய்து முடி, வெளியே வா.

வந்ததும் உன் அம்மாவின் ஃபோனை வாங்கு. கண்ணாடியைத் தேடி, பச்சை ஐகானைத் தேடி, பெயர்ப் பட்டியலில் உன்னைத் தேடி, கடைசியில் தவறிப்போய் பெரியப்பாவுக்கு அழைத்துவிட்டு, ‘எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா’ என்று சொல்கிறாளே, அந்த ஃபோனை. ஆண்ட்ராய்டில் ‘டைரக்ட் டயல்’ என்று ஒரு சின்ன விட்ஜெட் உண்டு. உன் படம், அக்கா படம், டாக்டர் படம் மூன்றையும் திரையில் வை. படத்தைத் தொட்டால் நேராக அழைப்பு போகும். கடிகாரத்தை அவள் கண்ணுக்கு எட்டும் அளவுக்கு இழுத்துப் பெரிதாக்கு. அவள் கேட்காத ஆப்களை எல்லாம் திரையிலிருந்து எடு.

பார்த்துவிட்டு நிச்சயம் ஒரு குறை சொல்வாள். ‘அக்கா படம் மேல இருக்கட்டும், உன்னது கீழ போதும்’ என்பாள். நீ நகர்த்தாதே. எப்படி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று ஒருமுறை காட்டிவிட்டு, ஃபோனை அவள் கையிலேயே கொடுத்துவிடு.