இரட்டைக் கருவும் வினைக்கொள்கையும்

ஒரே கருமுட்டையினின்றும் பிரிந்து, ஒரு தாய் வயிற்றில் வளரும் இரு சிசுக்களுள் ஒன்று பருக்க, மற்றையது மெலிகின்றது. "அஃது அவ்வவ் ஆன்மாவின் பிராரத்தம், அதனை மனிதர் தடுத்தல் தகுமோ?" என வினவுவார் நம்மவருள் உளர். மாணாக்கர்க்கு வினைக்கொள்கையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வினாவைப் புறக்கணித்தலாகாது.

அங்கே நிகழ்வது யாதென முதற்கண் அறிதல் வேண்டும். ஒத்த உருவுடைய இரட்டையருள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்து வளர்கின்றனர். அதனுள் இருவருடைய இரத்தக் குழாய்களும் தொடர்புற்றிருக்கும். அத்தகைய கருப்பங்களுள் 100க்கு 10 முதல் 15 வரையானவற்றில், ஒரு சிசுவின் இரத்தம் மற்றையதற்கு மிகுதியாகப் பாய்கின்றது. கொடுக்குஞ் சிசு வளர்ச்சி குன்ற, அதனைச் சூழ்ந்த நீர் வற்றும். பெறுஞ் சிசுவுக்கும் நன்மையில்லை. மிகை இரத்தத்தைச் சுமந்து அதன் இருதயம் இளைக்கும். அதனைச் சூழ்ந்த நீர் பெருகிக் கருப்பாசயம் விம்மும். நோய் முற்றியபின் வாளா விடின் பெரும்பாலும் இரண்டும் இறக்கும். ஆதலின் ஒன்றன் நல்வினை, மற்றையதன் தீவினை எனப் பகுத்துரைத்தல் பொருந்தாது. ஈண்டுக் கள்வனுமில்லை, வள்ளலுமில்லை.

1988 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ஜூலியன் டி லியா, கருப்பாசயத்துள் நுண்ணிய நோக்குக்குழாயைச் செலுத்தி, அத்தொடர்புக் குழாய்களை லேசர் ஒளியால் அடைத்தார். 2004 இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்றில், மிகை நீரை வடித்த கருப்பங்களுள் 56 வீதத்தில் ஒரு சிசுவாயினும் பிறந்து 28 நாள் பிழைத்தது. லேசர் சிகிச்சை பெற்றவற்றுள் 76 வீதத்தில் பிழைத்தது. எனினும், இரண்டும் பிழைக்கும் என்னும் உறுதி இதிலும் இல்லை.

இனி வினாவுக்கு விடை கூறுவாம். பிராரத்தம் இன்னதென நுகர்ந்தபின்னன்றி முன் அறிவாரிலர். நோய் வினையால் வந்ததெனின், அதனைத் தீர்க்கும் வைத்தியனும் மருந்தும் வினைக்குப் புறம்பாக வந்தனவோ? இறத்தற்கு வினை உண்டென்பார், பிழைத்தற்கும் வினை உண்டென்பதை மறந்தார். வினைப்பயனை ஊட்டுதல் இறைவன் செயல். உயிர்க்கு இரங்குதல் நம் கடன். காக்க இயன்றும் வாளாவிருத்தல் நமக்கு ஆகாமியமாய் ஏறும்.

சிகிச்சை செய்தும் ஒரு மகவை இழந்த தாயை நோக்கி, "உன் வினை" என்பாரும் உளர். அது சமயமன்று; கொடுமை. வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு ஊன்றுகோல். பிறரை அடித்தற்கு ஓங்குங் கோலன்று.

ஆசிரியர்களே! ஊரவர் உங்கள் சொல்லை மதிக்கின்றனர். இரட்டைக் கரு என்று அறிந்தால், நஞ்சுக்கொடி ஒன்றோ இரண்டோ என 14 ஆம் வாரத்துக்குள் ஸ்கான் பரிசோதனையால் தெளியுமாறு சொல்லுங்கள். ஒன்றாயின், 16 ஆம் வாரந் தொட்டு இரு வாரத்துக்கொருமுறை பரிசோதனை வேண்டும். இடையே வயிறு சடுதியாக விம்மினாலும் மூச்சு முட்டினாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. கோயிலில் நேர்த்தி வைப்பாரும் இதனைச் செய்க. அருச்சனையும் பரிசோதனையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல; வைத்தியன் கையும் திருவருளுக்குக் கருவியே.

சிவம்.