பழுவேட்டரையரும் நமது தராசும்

அரியலூரிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில் கீழப்பழுவூர் இருக்கிறது. அதனை அடுத்து மேலப்பழுவூரும் கீழையூரும். கீழையூர் இரட்டைக் கோயிலை எழுப்பிய பழுவேட்டரையர்கள், சோழர்க்குப் பெண் கொடுத்த சிற்றரசர்கள். ஆகவே கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் இரு திரைப்படங்களாக வெளிவந்தபோது, பெரம்பலூர், அரியலூர் வட்டார மக்கள் சற்று உரிமையோடு தீர்ப்புக் கூறியதில் வியப்பில்லை. “சரத்குமார் பெரிய பழுவேட்டரையரே அல்லர்” என்றனர் சிலர். அவரைவிடப் பொருத்தமானவர் யாரென்று கேட்டனர் வேறு சிலர்.

எந்தப் பழுவேட்டரையர்? கல்வெட்டில் இருப்பவருக்குப் பெயரும் கொடையும் உண்டு, முகம் இல்லை. 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய கல்கி, அறுபத்து நான்கு விழுப்புண்கள் தாங்கிய முதியவரைப் படைத்து, நந்தினி என்னும் கற்பனைப் பெண்ணின்மேல் அவருக்கு மையலையும் ஊட்டினார். ஓவியர் மணியம் முகம் தந்தார். அதன்மேல் நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்கணக்கில் தீட்டிக்கொண்ட முகம் ஒன்றுண்டு. பெரும்பாலும் அதை வைத்தே நடிகரை நிறுக்கிறோம்.

தீர்ப்பிடுதல் நீதியின் செயலே என்கிறார் புனித தோமா அக்குவினார். ஆனால் அதற்கு நேரிய மனமும், உரிய அதிகாரமும், விவேகமும் வேண்டும். இவற்றுள் அதிகாரத்தைப் பற்றி நாம் எண்ணுவதே இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கு நடிப்பை மதிப்பிட உரிமையுண்டு. நடிகையின் வயதையும் இல்லறத்தையும் பேசும் உரிமையை அச்சீட்டு தருவதில்லை.

விவேகம் இன்னும் கடினமானது. கொள்ளிட வெள்ளத்தில் சிக்கிக் கரையேறி, சதிகாரரின் பேச்சை மறைந்து கேட்டு, தம் வாழ்வே பொய்யாயிற்று என்று பெரிய பழுவேட்டரையர் உடைந்துபோகும் பகுதி நாவலின் சிகரம் என்பேன். ஐந்து பாகங்களை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் அடக்கிய படங்களில் அந்த மனமாற்றத்திற்கு நாவலில் உள்ள விரிவு கிடைக்கவில்லை. தரப்படாத காட்சியில் நடிக்கவில்லை என்று ஒருவரைக் குறைகூறுவது அநீதி. தரப்பட்டவற்றில், நந்தினியின் முன் அப்பெருவீரர் குழைந்து நிற்கும் இடங்களைச் சரத்குமார் கண்ணியம் குன்றாமல் தாங்கினார் என்பது என் எண்ணம்.

ஐஸ்வர்யா ராய் நந்தினியாகவும் ஊமை ராணியாகவும் தோன்றினார். நந்தினியின் தமிழ்க் குரல் வேறொருவருடையது. ஊமை ராணிக்கோ பேச்சே இல்லை. அவரது நடிப்பை மட்டும் தனித்து எடைபோட விரும்புவோர் ஊமை ராணியைப் பார்ப்பதே முறை. ஏனோ, விவாதமெல்லாம் நந்தினியைச் சுற்றியே நடந்தது.

மூலத்தை மாற்றிவிட்டார்கள் என்பது மற்றொரு குற்றச்சாட்டு. அதே தஞ்சைச் சாலையில் திருமானூரிலிருந்து பிரிந்து சென்றால் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலம். அங்கே பணியாற்றிய வீரமாமுனிவர், நற்செய்தியில் ஒரு சொல்லும் பேசாத சூசையப்பரை வளன் என்னும் காப்பியத் தலைவராக்கி, 3,600-க்கும் மேற்பட்ட பாடல்களில் தேம்பாவணி இயற்றினார். மூலத்தில் இல்லாததை எவ்வளவோ சேர்த்தார். அவரை நாம் குறைகூறுவதில்லை; சூசையப்பர்மீது அவர் கொண்ட அன்பு அப்பாடல்களில் தெரிகிறது. நாவலைத் திரைக்குக் கொணர்ந்தவர்களிடமும் முதலில் தேட வேண்டியது அந்த அன்பையே. அது இல்லாத இடத்தைச் சுட்டிக்காட்டும்போது நம் கண்டனம் கடுமையாக இருக்கலாம்.

இயேசுவின் முகம் எப்படியிருந்தது என்று நற்செய்தியாளர் நால்வரும் எழுதவில்லை. ஆயினும், தவக்காலத்துப் பாஸ்கா நாடகத்தில் சிலுவை சுமந்து வரும் இளைஞனைப் பார்த்து, “முகம் பொருந்தவில்லையே” என்று முன்வரிசையிலேயே சொல்லிவிடுகிறோம்.