வீதியில் கிடக்கும் உயிரும் வேற்றூரார் கடமையும்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூர் புகுந்தவர்க்கு வாழ்க்கை கற்பிக்கும் முதற்பாடம், ஒதுங்கி நடத்தல் என்பதாகும். "வம்புதும்பில் தலையிடாதே, வேலை உண்டு, வீடு உண்டு என்று இரு" என்பதே ஹவுரா நிலையத்தில் வந்திறங்கும் தமிழ் இளைஞனுக்கு முன்னே வந்தவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் புத்திமதி. இதனைக் கோழைத்தனம் என்று இகழ்ந்துவிட முடியாது. மொழி முற்றும் பிடிபடாத நகரில், உற்றார் துணையின்றி, மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு இவ்வடக்கம் ஒரு கவசமேயாகும். ஆயினும், இந்தப் புத்திமதியும் அறமும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. முகமறியாத ஒருவர் சாலையில் அடிபட்டுக் குருதி ஒழுகக் கிடக்கும் இடமே அது. அங்கே நிற்பதா, நடையைக் கட்டுவதா? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது எப்போதோ ஒருமுறை எழும் வினா அன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது நடுவண் அரசின் கணக்கு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 460 உயிர்கள். அடிபட்ட பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தை மருத்துவர்கள் 'பொன்னான நேரம்' என்பர். அந்நேரத்தில் அடிபட்டவர் அருகில் இருப்பவர் மருத்துவரும் அல்லர், காவலரும் அல்லர், நம்மைப்போன்ற வழிப்போக்கரே. எனவே ஓர் உயிர் தங்குவதும் போவதும் பல வேளைகளில் வழிப்போக்கரின் மனத்திலேதான் முடிவாகிறது.

அம்மனத்தைத் தடுப்பது இரக்கமின்மையா? அன்று, பெரும்பாலும் அச்சமே. "நீதான் இடித்தாயோ?" என்று காவலர் கேட்பரோ? சாட்சிக்கூண்டில் ஏறி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படிகளைத் தேய்க்க நேருமோ? முன்பணம் கட்டு என்று மருத்துவமனை கழுத்தைப் பிடிக்குமோ? தூக்கும்போது உயிர் பிரிந்தால் பழி நம் தலையில் விழுமோ? கூடிய கூட்டம் நம்மையே குற்றவாளி என்று கருதிக் கைநீட்டுமோ? இவ்வச்சங்கள் உள்ளூரார்க்கும் உண்டு. ஆனால் வேற்றூரார்க்கு இவை இருமடங்கு. உள்ளூரான் ஒரு சொல்லில் தன்னை விளக்கிக்கொள்வான். அவன் குரல் கேட்டுப் 'பாரா'விலிருந்து பத்துப்பேர் ஓடிவருவர். நம் குரல் கேட்டு யார் வருவார்?

இவ்வச்சத்தின் ஆழத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சிலப்பதிகாரக் கோவலன் தன் சொந்த ஊராகிய புகாரில், மதயானையின் பிடியில் சிக்கிய முதிய அந்தணன் ஒருவனைத் தன்னுயிர் பாராது பாய்ந்து மீட்டான் என்பதை அடைக்கலக் காதையில் மாடலன் வாயிலாக அறிகிறோம். அத்தகையவன் மதுரை புகுந்தபோது அவன் வேற்றூரான். அவனை அறிந்து பேசுவார் இல்லை. ஒரு பொற்கொல்லனின் பொய்ச்சொல்லே அவன் உயிரைக் குடிக்கப் போதுமானதாயிற்று. ஊரறிந்த இடத்தில் வீரனாய் நின்றவன் ஊரறியா இடத்தில் விசாரணையுமின்றி வீழ்ந்தான். வேற்றூரில் வாழ்வோர் அடிமனத்தில் உறையும் திகில் இதுவே. ஆகவே, "அஞ்சாதே" என்று எளிதாகச் சொல்லிவிடுவது அறவுரை ஆகாது. அச்சத்தில் எவ்வளவு இன்றும் நியாயமானது, எவ்வளவு பழங்கதை ஆகிவிட்டது என்று பகுத்துப் பார்த்தலே முறை.

முதலில் மருத்துவமனையைப் பற்றிய அச்சம். விபத்தில் சிக்கிய ஸ்கூட்டர்காரர் ஒருவரை ஒரு நல்லவர் அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். அங்கே ஏற்க மறுத்து, காவல் வழக்குக்குரிய நோயாளிகளை ஏற்கும் அனுமதி பெற்ற, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினர். போகும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. இச்செய்தியை அடிப்படையாகக் கொண்டு எழுந்த பரமானந்த கட்டாரா வழக்கில், 1989 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் முதலில் உயிரைக் காக்க வேண்டும், சட்டச் சடங்குகள் பிறகு.

தீர்ப்பு வந்தால் மட்டும் போதுமா? நம் நகரமே விடை கூறுகிறது. 1992 ஜூலை 8 அன்று தெற்கு 24 பர்கனா மாவட்டத்து மதுராபூர் நிலையத்தில் ஓர் ஏழை விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்டார். அவரை ஏற்றிவந்தவர்கள் அவ்விரவு முழுதும் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றினர். ஓரிடத்தில் படுக்கை இல்லை. மற்றோரிடத்தில் வசதி இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்த்து ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவழித்தே அவரைக் காப்பாற்ற முடிந்தது. அவர் சார்ந்திருந்த பச்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி தொடுத்த வழக்கில், 1996 மே மாதம் உச்சநீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தர மறுப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிருரிமையை மீறுவதாகும் என்றும் உரைத்தது. இந்திய மருத்துவ உரிமை வரலாற்றில் இடம்பெற்ற இவ்வழக்கு வங்கத்து ரயில்பாதை ஓரத்திலே பிறந்தது என்பதை இங்கு வாழும் நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

அடுத்தது காவல் நிலையம், நீதிமன்றம் பற்றிய அச்சம். சேவ்லைஃப் அறக்கட்டளை தொடுத்த வழக்கில், உதவுவோரைக் காக்கும் நடுவண் அரசின் நெறிமுறைகள் நாடெங்கும் கட்டாயமாகப் பின்பற்றப்பட வேண்டியவை என்று 2016 மார்ச் 30 அன்று உச்சநீதிமன்றம் அறிவித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு அவசர உதவி செய்பவர்மீது, அடிபட்டவரின் காயத்துக்கோ மரணத்துக்கோ உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடுத்தல் ஆகாது என்பது அதன் சாரம். 2020-இல் வந்த விதிகளின்படி, உதவியவர் தம் பெயரையோ முகவரியையோ சொல்லும்படி வற்புறுத்தப்படலாகாது. சாதி, மதம், நாடு, பால் என்னும் வேறுபாடின்றி அவர் மரியாதையாக நடத்தப்பட வேண்டும். சாட்சி சொல்ல முன்வருவதும் வராததும் அவர் விருப்பம். இவ்வுரிமைகளை மருத்துவமனை வாயிலில் வட்டார மொழியிலும் எழுதி வைக்கவேண்டும் என்பதும் விதி.

2016 மார்ச் 30-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மறுநாளே, மார்ச் 31 அன்று, இந்நகரில் கட்டுமானத்தில் இருந்த விவேகானந்தா சாலை மேம்பாலம் கணேஷ் டாக்கீஸ் அருகே இடிந்து வீழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரிய இயந்திரங்கள் வந்து சேருமுன் இடிபாடுகளை வெறுங்கையால் அகற்றப் பாய்ந்தவர்கள் அவ்வட்டாரத்துச் சாமானிய மக்கள். முந்திய நாள் தீர்ப்பை அவர்களுள் எத்தனை பேர் படித்திருக்கக்கூடும்? சட்டம் தைரியம் தரலாம்; ஆனால் சட்டம் வரும்வரை இரக்கம் காத்திருப்பதில்லை.

எஞ்சி நிற்பது கூட்டத்தைப் பற்றிய அச்சம். இதனை எச்சட்டமும் முற்றாகத் துடைத்துவிடவில்லை. விபத்துக்குக் காரணமான ஓட்டுநர் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி தேடித்தர வேண்டும் என்று கூறும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவே, கூட்டத்தின் சீற்றத்தால் அது இயலாமற் போகும் நிலையை விதிவிலக்காகக் குறித்திருக்கிறது. சட்டம் இயற்றியோரே இவ்வபாயத்தை ஒப்புக்கொண்டனர் என்பது இதன் பொருள். 2018 பிப்ரவரியில் சிங்கிரிகாட்டா சந்திப்பில் மாணவர் இருவர் பேருந்து மோதி இறந்தபோது பேருந்துகள் எரிந்தன. 2023 ஆகஸ்டில் பேஹாலாவில் பள்ளிச் சிறுவன் ஒருவன் லாரியால் மாண்டபோது காவல் வண்டி எரிந்தது. அச்சினத்தின் அடியில் இருந்தது மெய்யான துயரமே. ஆனால் சினம் கொண்ட கூட்டம் நிதானித்து விசாரிப்பதில்லை. அவ்வேளையில் காரை நிறுத்தி இறங்கும் அயலானை, இடித்தவன் என்று அது தவறாகக் கருதிவிடக் கூடும். இந்த அபாயத்தைப் பொய் என்று சொல்ல நாம் துணியமாட்டோம்.

ஆனால் அச்சம் மட்டுமே ஆட்சி செய்தால் விளைவது யாது? சீன நாட்டு நிகழ்ச்சி ஒன்று கண்திறப்பது. 2006-இல் நான்ஜிங் நகரில் கீழே விழுந்த மூதாட்டியைத் தூக்கிவிட்ட இளைஞன்மீதே வழக்கு வந்தது. இடிக்காதவன் ஏன் உதவப் போகிறான் என்னும் போக்கில் வாதிட்டு, இழப்பில் ஒரு பங்கை அவனே தரவேண்டும் என்று 2007-இல் நீதிமன்றம் தீர்த்தது. அவ்விளைஞன் மோதியது மெய்யே என்று 2012-இல் அதிகாரிகள் கூறினர். ஆனால் அதற்குள், உதவினால் வழக்கு வரும் என்னும் நம்பிக்கை நாடெங்கும் வேரோடிவிட்டது. 2011-இல் ஃபோஷான் நகரத் தெருவில் வண்டி ஏறிக் கிடந்த இரண்டு வயதுக் குழந்தையை 18 பேர் கடந்து சென்றனர். அதனை எடுத்தவள் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஓர் ஏழைப்பெண், குழந்தை பிழைக்கவில்லை. இழப்பதற்கு வீடும் மானமும் மிகுதியாக உள்ளவர்கள் கடந்து போக, ஒன்றுமில்லாதவள் குனிந்தாள். இதில் நமக்கொரு பாடம் உண்டு: நாம் சேர்த்து வைத்தவை கூடக்கூட, அவற்றைக் காக்கும் அச்சமும் கூடுகிறது.

இனி அறத்தின் தராசை எடுப்போம். ஒரு தட்டில் நம் ஒருநாள் வேலை, சட்டைக்கறை, சில மணி அலைச்சல், ஒருகால் நேரக்கூடிய தொல்லை. மறுதட்டில் மற்றொருவர் உயிர். இத்தராசு எப்பக்கம் சாயும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் தட்டில் நம் உயிரோ நம் பிள்ளைகளின் எதிர்காலமோ வைக்கப்படும்போது கணக்கு மாறுகிறது. உதவாமற்போவதைக் குற்றமாக்கித் தண்டிக்கும் பிரான்சு நாட்டுச் சட்டமும், தனக்கோ பிறர்க்கோ ஆபத்தின்றி உதவக்கூடிய நிலையில்தான் அக்கடமையைச் சுமத்துகிறது. ஆகவே, உயிரைப் பணயம் வைத்தல் தியாகம். அதனைப் போற்றலாம், யாரிடமும் கேட்க இயலாது. தொல்லையை ஏற்றல் கடமை. அதிலிருந்து எவரும் விலக இயலாது. நம் மனம் செய்யும் தந்திரம் யாதெனில், வெறும் தொல்லையைப் பேராபத்தாகப் பெருக்கிக் காட்டிக் கடமையைத் தியாகத்தின் கணக்கில் எழுதிவிடுவதேயாகும்.

"குடும்பஸ்தன் நான், எனக்கு ஏதேனும் நேர்ந்தால் இவ்வூரில் என் மனைவி மக்களுக்கு யார்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் வீதியில் கிடப்பவனும் குடும்பஸ்தனே. அவனுக்கும் ஒரு வாசலில் விளக்கேற்றிக் காத்திருப்போர் உண்டு. மேலும், உதவி என்பது அடிபட்டவனைத் தோளில் சுமப்பது ஒன்றே அன்று. 112 எண்ணை அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்லலாம். வருகின்ற வண்டிகளைக் கைகாட்டி விலக்கலாம். ஒழுகும் குருதியைத் துணிவைத்து அழுத்தலாம். கழுத்திலோ முதுகிலோ அடி இருக்குமாயின் கண்டபடி புரட்டாதிருக்கும்படி பிறரைத் தடுக்கலாம். தனியே முனையாமல், அருகில் நிற்கும் கடைக்காரரையோ ரிக்ஷாக்காரரையோ, "தாதா, ஏக்டு ஆசுன்" என்று அழைத்துக்கொள்ளலாம்.

இக்கடைசி வழி சிறிதாகத் தோன்றினும் பெரிது. கூட்டம் பெருகப் பெருக, வேறு யாரேனும் பார்த்துக்கொள்வர் என்று ஒவ்வொருவரும் வாளாவிருப்பர் என்பதை ஜான் டார்லி, பிப் லத்தானே என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 1968-இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. ஒருவரைக் குறித்து அழைத்துவிட்டால் அம்மயக்கம் கலைகிறது. பார்வையாளர் துணைவர் ஆகிறார். அயலான் தனியன் என்னும் நிலையும் அப்போதே நீங்குகிறது. கூட்டத்தைக் கண்டு அஞ்சுவோர்க்கு இதனினும் நல்ல காப்பு வேறில்லை.

வேற்றூரார் என்பதனால் நம் கடமை குறைகிறது என்பாரும் உளர். நாம் மாறாகக் கருதுகிறோம். விவிலியத்தில் இயேசு சொன்ன உவமையில், எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனை அவன் இனத்துக் குருவும் லேவியனும் கடந்து போயினர். நின்று காயம் கட்டியவன் அவ்வினத்தார் ஒதுக்கிவைத்த சமாரியன். இக்கல்கத்தாவில் 1952-இல் காளிகட்டத்தில் நிர்மல் ஹிருதய் இல்லத்தைத் திறந்து, தெருவோரத்தில் இறந்துகொண்டிருந்தோரை ஏந்தியவர் கடல்கடந்து வந்த அன்னை தெரசா. தொடக்கத்தில் அவர்மீதும் ஐயமும் எதிர்ப்பும் எழாமல் இல்லை. 2011 டிசம்பரில் டாக்குரியா மருத்துவமனை தீப்பற்றியபோது, நோயாளிகளை மீட்க முதலில் ஓடிவந்தவர்கள் அடுத்திருந்த குடிசைப்பகுதி இளைஞர்களே. உதவும் உரிமைக்கு ஊர்ச்சான்றிதழும் அந்தஸ்தும் தேவையில்லை என்பதையே இவையெல்லாம் உணர்த்துகின்றன.

இன்னொன்றும் உண்டு. வேற்றூரில் நாம் இதுவரை வாழ்ந்ததே அயலார் தயவில்தான். வந்த புதிதில் வழிகாட்டியவர், வாடகைக்கு இடம் தந்தவர், நள்ளிரவில் மருத்துவரை அழைத்து வந்த அண்டைவீட்டு வங்காளி அன்பர் ஆகியோர் நமக்கு எந்த உறவு? அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரும்பாலும் அவர்களிடமே திருப்பித்தர இயலாதது. வீதியில் கிடக்கும் முகமறியாதவனே அக்கடனை வசூலிக்க வந்தவன்.

2021 டிசம்பர் 18 அன்று தமிழ்நாடு அரசு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்குவோர் எம்மாநிலத்தார் ஆயினும் முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை என்பது அதன் நெறி. செங்கல்பட்டுச் சாலையில் அடிபட்ட வங்கத் தொழிலாளியை, நீ எவ்வூரான் என்று கேட்டுத் திருப்பி அனுப்பலாகாது என்று தாயகம் முடிவு செய்திருக்கிறது. ராஷ்பிகாரி அவென்யூவில் அடிபட்டவர் முன் நாம் மட்டும், "இது நம் ஊரன்று" என்று சொல்லி நடப்பது எவ்வாறு பொருந்தும்? நம் பிள்ளைகள் இம்மண்ணிலேயே பிறந்து வளர்கின்றனர். அவர்களுக்கு இது வேற்றூர் அன்று, சொந்த ஊர். சாலையில் அவர்கள் கையைப் பற்றி நாம் நடக்கும்போது, எவ்விடத்தில் நிற்கிறோம், எவ்விடத்தில் வேகமாக நடக்கிறோம் என்பதைக் கண்டே அவர்கள் தமிழர் அறத்தைக் கற்றுக்கொள்கின்றனர்.