கட்டுச்சோறு பழையதா?

ஓரிடத்தில் சமைத்து, இலையில் பொதிந்தோ தூக்கில் அடைத்தோ எடுத்துச் சென்று, வேறோரிடத்தில் உண்பது கட்டுச்சோறு. தமிழ்க் குடும்பங்களில் இது வழிப்பயணத்துக்கு மட்டும் உரியதன்று. பதினெட்டாம் பெருக்கன்று காவிரிக்கரைக்கும், காணும் பொங்கலன்று ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ போகிற சித்திரான்னங்கள் கட்டுச்சோறுதான். கருவுற்ற மகளுக்கு ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பிறந்த வீட்டார் பலவகைச் சாதம் செய்து கொண்டுபோகும் சடங்குக்கே பல ஊர்களில் கட்டுச்சோறு என்று பெயர். கல்யாணம் முடிந்து ஊர் திரும்பும் சம்பந்திகளுக்குப் பெண் வீட்டார் கொடுத்தனுப்பும் கட்டுசாதக் கூடையும் இந்த வரிசையில் சேரும். எல்லாவற்றிலும் அடுப்பு அணைந்து வெகுநேரம் கழித்தே இலை விரிகிறது. சில சமயம் இடையில் ஓர் இரவே கழிந்துவிடுகிறது. அப்படி ஆறிப்போன, இடம் மாறிய உணவு பண்டிகைக்கு ஏற்ற தூய உணவாகுமா, தெய்வத்துக்குப் படைக்கத் தகுமா என்ற கேள்வி பழமையானது. அதற்குச் சாத்திரம் தந்த விடை ஒன்றல்ல.

கேள்வியின் வேர் பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அங்கே உணவு மூன்று குணங்களாகப் பிரிக்கப்படுகிறது. சுவையும் நெய்ப்பும் உடையது, உடலில் நிலைப்பது, மனத்துக்கு இனியது சாத்துவிகம். நேரம் கடந்தது, சாரம் போனது, நாறுவது, பழையது, எச்சில், வேள்விக்கு ஆகாதது தாமசம். 10ஆம் சுலோகத்தில் வரும் இந்தத் தாமசப் பட்டியலை மேலோட்டமாகப் படித்தால் கட்டுச்சோறு முழுவதும் அதில் விழுந்துவிடும். ஆனால் உரையாசிரியர்கள் அப்படிப் படிக்கவில்லை. ‘யாதயாமம்’ என்ற சொல்லுக்கு ‘சமைத்து ஒரு யாமம் கடந்தது’ என்று இன்றைய சொற்பொழிவுகளில் பொருள் சொல்வது வழக்கம். சங்கரரின் உரையிலோ அதற்கு அரைவேக்காடு என்று பொருள். சாரம் இழந்ததைக் குறிக்க அடுத்த சொல்லே இருப்பதால், முதற்சொல்லுக்கு வேறு பொருள் வேண்டும் என்பது அவர் காரணம். ‘பர்யுஷிதம்’ என்பதை அவர், சமைத்தபின் ஓர் இரவு கடந்தது என்று வரையறுக்கிறார். இராமானுசர் அதே சொல்லுக்குக் காலம் கழிந்ததால் சுவை மாறிப்போனது என்று உரை எழுதுகிறார்.

இரண்டு உரைகளுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. ஒருவர் இரவை எண்ணுகிறார். மற்றவர் நாக்கைக் கேட்கிறார். முதல் அளவுகோலின்படி முந்தின இரவு கிளறிய புளியோதரை பழையது. இரண்டாவதன்படி, சுவை திரியாதவரை அது பழையதாகாது. புளிக்காய்ச்சல் ஊறிய சாதம் மறுநாள்தான் ருசி என்று சொல்லும் வீடுகள் இரண்டாம் கட்சியைச் சேர்ந்தவை, உரையைப் படிக்காமலே.

தர்ம சாத்திரங்களும் வெறும் நேரக்கணக்கோடு நிற்கவில்லை. மனு ஸ்மிருதியின் 5ஆம் அத்தியாயம் பழைய உணவை விலக்கும் பொதுவிதிக்குப் புறனடை வகுக்கிறது: நெய்ப்பு சேர்ந்த உணவு பழையதானாலும் உண்ணலாம், வாற்கோதுமை, கோதுமை, பால் ஆகியவற்றால் ஆனவை நெய்ப்பு இல்லாமலே நாள்பட்டாலும் உண்ணலாம். வட இந்திய வீடுகளில் கச்சா, பக்கா என்று இருவகை சமையல் உண்டு. தண்ணீரில் வேகவைத்த சோறு, பருப்பு, சப்பாத்தி போன்றவை கச்சா. அவை அடுப்படியின் எல்லைக்குள்ளேயே உண்ணத்தக்கவை. நெய்யில் பொரித்த பூரியும் பட்சணமும் பக்கா. அவை வாசல் தாண்டலாம், யாத்திரை போகலாம். தமிழ்ப் பிராமண வீடுகளில் ‘பத்து’ என்று வழங்கும் கட்டுப்பாடும் வெந்த சோற்றையும் குழம்பையும்தான் முதன்மையாகக் குறிவைக்கிறது. அமாவாசை இரவில் சோற்றை விலக்கிப் ‘பலகாரம்’ பண்ணுகிறவர்கள் இட்லியும் உப்புமாவும் சாப்பிடுவது இதே பாகுபாட்டின் இன்னொரு முகம். இந்த விதிகளில் பாதி உணவைப் பற்றியவை அல்ல, அதைத் தொட்ட கையைப் பற்றியவை என்பதையும் மறைக்கக் கூடாது. யார் சமைத்ததை யார் உண்ணலாம் என்ற சாதி வேலிக்குக் கச்சா, பக்கா என்பவை முளைக்கம்புகளாக இருந்தன.

தொட்ட கையைப் பற்றிய பாதியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மிச்சத்தில் சமையலறை அறிவு திரண்டிருக்கிறது. வெந்த அரிசி ஈரமும் மாவுச்சத்தும் நிறைந்தது. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கையில் அவை முளைத்துப் பெருகும். அவை உண்டாக்கும் நஞ்சுகளில் வாந்தியை வரவழைக்கும் ஒன்று, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. புளிப்பு ஏறினால் அந்த உயிர் வளராது. ஆடிப்பெருக்குக்குச் சமைக்கிறவர்களின் கைப்பழக்கம் இதற்கெல்லாம் ஈடு கொடுக்கிறது. சோற்றை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்த பிறகுதான் கலக்கிறார்கள். சூட்டோடு தூக்கில் அடைத்தால் மூடி வியர்த்து, அந்த நீர் சோற்றில் சொட்டி, மதியத்துக்குள் நொசநொசத்துவிடும். தயிர் சாதத்துக்குக் காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டுக் குழைத்து, தயிரை ஒரு கரண்டி உறைக்கு மட்டும் சேர்ப்பார்கள். ஆற்றங்கரையில் பிரிக்கும்போது பால் தயிராகியிருக்கும், புளித்திருக்காது. எலுமிச்சைச் சாதமும் புளியோதரையும் தாங்கும். தேங்காய்ச் சாதம் முதலில் ஊசிப்போகும் என்பதால் முதலில் பரிமாறப்படுவது அதுதான். அனலில் வாட்டிய வாழையிலை கிழியாமல் மடங்கி, பொதி கட்ட வாகாகிறது.

உண்பதை விடப் படைப்பதில்தான் சிக்கல் கூடுதல். நைவேத்தியத்துக்கு முன் ஒருவரும் ருசி பார்க்கக் கூடாது. சமைத்தவர் உப்புக்கூடப் பார்ப்பதில்லை. பண்டிகைச் சமையல் முழுவதும் வெளியூர் போகிறதென்றால் படையல் எங்கே? வீட்டிலேயே விளக்கேற்றி நிவேதித்துவிட்டு எஞ்சியதைக் கட்டுவது ஒரு வழக்கம். அப்போது எடுத்துச் செல்லப்படுவது பிரசாதம். வழியில் குழந்தை பசித்து அழுதால் கொடுக்கத் தடையில்லை. ஆற்றுக்கே படைப்பதென்றால் முதற்பங்கை எடுத்துத் தனிப்பாத்திரத்தில் மூடி வைப்பது மற்றொரு வழக்கம். கரையில் மஞ்சளும் காதோலை கருகமணியும் வைத்துக் காவிரியை வணங்கிய பிறகே அது திறக்கப்படுகிறது. இந்தப் பிரிவினையைத் துணியிலேயே தைத்து வைத்திருப்பது சபரிமலை இருமுடி. முன்முடியில் நெய்த்தேங்காய் முதலான ஐயப்பனுக்குரிய பொருள்கள். பின்முடியில் பக்தரின் வழியுணவு. தேங்காயின் நீரை வடித்துவிட்டு நெய்யை நிரப்பி அடைப்பதால் பல நாள் நடைக்குப் பிறகும் அது அபிஷேகத்துக்கு ஆகிறது.

பழையதே விதியாகும் நாள்களும் உண்டு. பொங்கலுக்கு மறுநாளான கணுவன்று காலையில் மஞ்சள் இலையில் காக்கைக்கு வைக்கும் கணுப்பிடி, பொங்கலன்று வடித்து மீத்து வைத்த சோற்றிலிருந்து உருட்டப்படுகிறது. குஜராத்தில் ஆவணி மாதச் சீதளா சப்தமிக்கு முதல் நாளே எல்லாம் சமைத்துவிடுவார்கள். மறுநாள் அடுப்பு மூட்டுவதில்லை. இராஜஸ்தானிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் ஹோலி கழிந்த எட்டாம் நாளில் ஆறிய உணவையே சீதளா தேவிக்குப் படைத்து உண்கிறார்கள். தேவியின் பெயருக்கே குளிர்ச்சியானவள் என்று பொருள். வைசூரியின் வெப்பத்தைத் தணிப்பவளுக்குச் சூடான உணவு ஆகாது. அன்று சுடச்சுடச் சமைத்தால்தான் தீட்டு.

கோயில் பிரசாதத்துக்கு இந்த நேரக்கணக்கு எதுவும் இல்லை. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மிளகும் சுக்கும் சேர்த்து வேகவைக்கப்படுவது. சில நாள் தாங்கும். பழனிப் பஞ்சாமிர்தத்தில் தண்ணீரே சேர்வதில்லை; ஊர் ஊராகப் போகிறது. இவற்றின் தாங்கும் திறனுக்குச் செய்முறை காரணம் என்று சொல்லிவிடலாம். பூரி ஜகந்நாதர் கோயிலில் மகாபிரசாதச் சோற்றை வெயிலில் உலர்த்தி ‘நிர்மால்யம்’ என்று வீடுகளில் வைத்திருப்பதை அப்படி விளக்க முடியாது. அது வெந்த சோறு. பொதுவிதிப்படி மறுநாளே விலக்கத்தக்கது. தெய்வம் ஏற்றதென்பதால் அது பழையதாவதில்லை என்பதே அங்குள்ள கொள்கை. கீதையின் தாமசப் பட்டியலில் வரும் ‘எச்சில்’ என்பதற்குக் குரு முதலானோர் உண்டு எஞ்சியதைத் தவிர்த்த மிச்சம் என்று இராமானுசர் எழுதியதும் இந்த வழியில்தான். பொருளின் நிலையைவிட, அது யாரிடமிருந்து வருகிறது என்பதே தூய்மையைத் தீர்மானிக்கிறது.

ஆயர்கள் இந்த விவாதத்தை வேறு கோணத்துக்குத் திருப்புகிறார்கள். திருப்பாவையின் 28ஆம் பாசுரத்தில் ஆய்ச்சியர், மாடுகளின் பின்னே காட்டுக்குப் போய் அங்கேயே உண்கிறவர்கள் நாங்கள் என்று கண்ணனிடம் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். நியமம் பார்த்து உண்ணும் தகுதிகூட இல்லை என்ற ஒப்புதலாகவே வைணவ உரைமரபு இதை எடுத்துக்கொள்கிறது. பாகவதத்தின் பத்தாம் கந்தம், 13ஆம் அத்தியாயம் இன்னும் துணிச்சலானது. ஆயர் சிறுவர்கள் உறியில் கட்டிக்கொண்டு வந்த சோற்றை யமுனைக்கரை மணலில் அவிழ்க்கிறார்கள். நடுவில் கண்ணன், இடக்கையில் தயிர்ச்சோற்று உருண்டையோடு, பகடி பேசிக்கொண்டே உண்கிறான். வேள்வியின் அவிர்ப்பாகத்தை உண்பவன் இப்படி உண்பதை வானத்தவர் வியந்து பார்த்தார்கள் என்கிறது நூல். அங்கே நைவேத்தியம் இல்லை; இடக்கை விலக்கும் இல்லை. அதன் பிறகு பிரமன் கன்றுகளையும் சிறுவர்களையும் ஒளித்துவைத்துச் சோதிக்க, கடைசியில் அவனே மயங்கித் தலைவணங்குகிறான்.

ஆனாலும் கட்டுச்சோற்றுக்குக் கிடைத்த இந்தச் சலுகை எல்லா நாளுக்கும் நீளவில்லை. சிராத்தத்தில் புறனடைகள் செல்வதில்லை. அன்றைய உணவு அன்று, அந்த வீட்டில், மடியாக, அதாவது ஆசாரத் தூய்மையோடு, சமைத்ததாக இருக்க வேண்டும். எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் முந்தின இரவுப் புளியோதரைக்கு அங்கே இடமில்லை. கட்டுச்சோற்றுக்கு உரிய நாள்களில் சாத்திரம் அதை அடியோடு தடுப்பதாகச் சொல்வது பிழை. சங்கரரின் இரவுக்கணக்கை விட்டு இராமானுசரின் பொருளை ஏற்றால், அது கேட்பது சுவை திரியாத உணவை மட்டுமே. ஊசிப்போனதை ‘அம்மனுக்குப் படைத்ததாயிற்றே’ என்று குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு எந்த உரையிலும் ஆதாரமில்லை. அதை மண்ணில் புதைத்துவிட வேண்டியதுதான்.