வராத குளிருக்கு நன்றி சொல்லலாமா?

மார்கழி பிறந்துவிட்டால் பள்ளிவாசல் ஹவுளின் தண்ணீருக்குத் தனிக் கடுமை வந்துவிடும். ஸுப்ஹு தொழுகைக்கு ஒளுச் செய்ய அமர்ந்தவர், கையை நனைத்தவுடன் ஒரு கணம் மூச்சை உள்ளிழுத்துக்கொள்வார். முழங்கை வரை நீர் ஏறும்போது உடல் சிலிர்க்கும். வயது முதிர்ந்தவர்கள் 'பிஸ்மி' சொல்லும் குரலிலேயே அந்த ஆண்டின் குளிர் எவ்வளவு என்பதை அறிந்துகொள்ளலாம். அண்மைக் காலத்தில் சில மார்கழிகள் அப்படி வருவதில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. போர்வை பெட்டியிலேயே கிடக்கிறது. "இந்த வருஷம் குளிரே இல்லை, அல்ஹம்து லில்லாஹ்" என்று பலர் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம், நாமும் சொல்லியிருக்கிறோம்.

அந்த 'அல்ஹம்து லில்லாஹ்'வைப் பற்றியே இங்கே சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

குமரி மாவட்டத்தில், தோவாளை வட்டத்தைச் சேர்ந்த மலையடிவாரச் சிற்றூர் கீரிப்பாறை. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடும், 1984இல் அமைந்த அரசு ரப்பர் கழகத்தின் தோட்டமும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒரு மார்கழி வைகறையில் அவ்வழியே செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இருள் பிரியாத நேரம். மரங்களுக்கிடையே சிறு விளக்குகள் அசைந்துகொண்டிருந்தன. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் வளைந்த கத்தியுடன் பால்வெட்டுத் தொழிலாளர் மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருந்தனர். வேலை முடிந்து தேநீர்க் கடைக்கு வந்த முதியவர் ஒருவரிடம், "நல்ல வேளை அண்ணாச்சி, இந்தத் தடவை உங்களுக்குக் குளிர் இல்லை" என்றோம். அவர் சிரிக்கவில்லை. "குளிர் இல்லண்ணு எல்லாரும் சந்தோசப்படுதாவ பாய். எங்களுக்குக் குளிருதான் சோறு" என்றார்.

அவர் சொன்னதில் மிகையில்லை. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் நுண்ணிய பால்குழாய்கள் உள்ளன. இரவில் மரம் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. வெயில் இல்லாமையால் இலைவழியே நீர் ஆவியாவது மிகக் குறைவு. ஆகவே வைகறையில் அக்குழாய்களின் அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. பட்டையைச் சீவியதும் பால் தாராளமாக வழிந்து சிரட்டையில் இறங்குகிறது. காற்று குளிர்ந்திருந்தால் அது நெடுநேரம் ஒழுகும். வெப்பம் ஏறிவிட்டால் அழுத்தம் தளரும். வெட்டுவாயில் பால் விரைவில் உறைந்து ஒழுக்கு நின்றுவிடும். தை, மாசியில் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கத் தொடங்கும்போது பால் குறையும், வெட்டுக்கு ஓய்வும் கொடுக்கப்படும். அதற்கு முந்திய குளிர்ந்த வாரங்களே சம்பாத்தியத்தின் வாரங்கள். நாம் போர்வையை மடித்து வைத்து மகிழ்ந்த அதே வைகறையில், பாலின் அளவோடு வருவாய் கட்டுண்ட ஒரு குடும்பத்தின் சிரட்டை பாதியில் நின்றுவிடுகிறது.

எல்லாருக்கும் இது நட்டம் என்று நாம் சொல்லவில்லை. கீரிப்பாறைக்குத் தெற்கே, தோவாளைப் பூச்சந்தைக்கு மல்லிகை தரும் உழவருக்குப் பனி மிகுந்தால்தான் கவலை, மொட்டுகள் குறைந்துவிடும். ஒரே குளிர் ஒருவருக்குச் சோறு, மற்றொருவருக்குச் சேதம். ஒரு பருவம் நல்லதா கெட்டதா என்று நம் உடலின் சுகத்தை வைத்து மட்டும் தீர்ப்புக் கூற இயலாது என்பதே இதில் தெளிவாகிறது.

நம் மொழியில் 'பனி' என்றால் புல்நுனியில் நிற்கும் துளி. காலை வெயிலில் மறைந்துபோவது. காஷ்மீரத்து மக்களுக்கோ அது ஆண்டு முழுமைக்குமான சேமிப்பு. டிசம்பர் 21 தொடங்கி ஜனவரி முடிய வரும் கடுங்குளிர் நாட்களை அவர்கள் 'சில்லாயெ கலான்' என்பர். 'பெரிய நாற்பது' என்பது பொருள். நாற்பது நாள் தனித்திருந்து வணங்குவதையும், நாற்பது நாள் மார்க்கப் பணிக்குப் புறப்படுவதையும் 'சில்லா' என்றே வழங்கும் நமக்கு அச்சொல் அந்நியமானதன்று. அந்த நாற்பதில் விழும் வெண்பனி மலைகளில் உறைந்து நிலைக்கும். கோடையில் சிறிது சிறிதாக உருகி ஊற்றுகளையும் ஜீலம் ஆற்றையும் வளர்க்கும். மாசி, பங்குனியில் பிந்தி விழும் பனிக்கு அந்த நிலைபேறு இல்லை. விரைவில் கரைந்து ஓடிவிடும்.

2024 ஜனவரியில், வெண்பனிக்குப் பெயர்பெற்ற குல்மார்க் மலைச்சரிவுகள் வெறுந்தரையாகக் கிடந்தன. பள்ளத்தாக்கின் பள்ளிவாசல்களில் மழையும் பனியும் வேண்டிச் சிறப்புப் பிரார்த்தனைகள் நடைபெற்றன. 2025 பிப்ரவரியில் அங்கே நடைபெறவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுகள் போதிய பனியின்றி ஒத்திவைக்கப்பட்டன. அதே மாதத்தில் முகலாயர் காலத்து அச்சபல் தோட்டத்தின் ஊற்று வறண்டது. குளிரின் கொடுமையால் வருந்தவேண்டிய மக்கள், குளிரைத் தருமாறு கையேந்தி நின்றனர். கீரிப்பாறை முதியவரின் சொல்லும் அவர்களுடைய துஆவும் வேறு வேறல்ல.

'இலகுவைத் தருவது இறைவன்; அதற்கு நன்றி சொல்வதில் என்ன பிழை?' என்று அன்பர்கள் வினவலாம். நியாயமான வினா. நம் மார்க்கம் துன்பத்தைத் தேடிச் சுமக்கச் சொல்வதில்லை. குளிரில் குறைவின்றி ஒளுச் செய்வதற்கு நன்மை உண்டு என்பதற்காக, வெந்நீர் இருக்கையில் அதை ஒதுக்கிவிட்டு நடுங்கவேண்டும் என்று எவரும் கூறார். நீரைத் தொட்டால் உடலுக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சுபவருக்குத் தயம்மும் என்ற சலுகையும் இருக்கிறது. ஆகவே நன்றி சொல்லவேண்டாம் என்பது நம் கருத்தன்று. நன்றி சொல்லுமுன் செய்யவேண்டிய விசாரணை ஒன்று இருக்கிறது என்பதே நம் கருத்து.

கடையில் பொருள் வாங்குகிறோம். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் மீதிச் சில்லறை கூடுதலாக இருக்கிறது. உடனே 'அல்ஹம்து லில்லாஹ்' என்று பையில் போட்டுக்கொள்பவரை நாம் பக்திமான் என்று சொல்லமாட்டோம். 'இது யாருடைய பணம்?' என்று கேட்டு, கடைக்குத் திரும்பி நடப்பவரையே சொல்வோம். நமக்குக் கூடுதலாக வந்த சுகத்துக்கும் இதே கேள்வி பொருந்தாதா? இது நமக்கு அருளப்பட்டதா? அல்லது யாரோ ஒருவருடைய பங்கு கணக்குத் தவறி நம் பைக்குள் வந்து சேர்ந்ததா?

ஒரே ஒரு குளிர்காலம் வெதுவெதுப்பாக இருந்தால் அதைக் கொண்டு பெரிய முடிவுக்கு வரக்கூடாது. மேகம் மூடிய இரவில் நிலத்தின் வெப்பம் வெளியேறாமையால் குளிர் குறைவது இயல்பே. ஆனால் ஆண்டுகளைச் சேர்த்து நோக்கும்போது கணக்கு வேறாகிறது. 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவுக்கு மிக வெப்பமான ஆண்டாக அமைந்தது 2024. 2025 பிப்ரவரியோ அதுவரை பதிவான பிப்ரவரிகளில் மிக வெப்பமானது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததாலும் காடுகளை அழித்ததாலும் சேர்ந்த சுமை அது. குளிர்காலம் வரத் தயங்குவதில் மனிதக் கைகளின் பங்கு உண்டு. சூரத்துர் ரஹ்மான் 'மீஸான்' என்ற தராசை நிலைநிறுத்தியதைச் சொல்லி, அதில் வரம்பு மீறுவதைத் தடுக்கிறது. தராசு என்றவுடன் நாம் கடைத்தெருவை நினைக்கிறோம். அங்கே வானமும் சேர்த்துப் பேசப்படுவதை மறந்துவிடுகிறோம்.

'காஷ்மீரம் எங்கோ இருக்கிறது, நமக்கென்ன?' என்று இருந்துவிடவும் முடியாது. 2023 டிசம்பர் 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், நம் அன்புக்குரிய காயல்பட்டினத்தில் 94 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அந்தப் பெருமழைக்கு இது ஒன்றே காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. ஆயினும் காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது என்பது அறிவியல். போர்வையைப் பெட்டியில் வைத்திருக்கும் அதே வெப்பம், வேறொரு நாள் வீட்டுக்குள் வெள்ளமாக வரக்கூடும்.

இனிச் சற்றுக் கசப்பான ஒன்றையும் நாம் பேசியாகவேண்டும். நம் குடும்பங்களில் எத்தனையோ வீடுகள் வளைகுடா நாடுகளின் எண்ணெய்ச் செல்வத்தால் எழுந்தவை. பாலைவெயிலில் வாப்பாவும் காக்காவும் சிந்திய வியர்வை ஹலாலானது, அதில் ஐயமில்லை. அந்த வருவாயால் குமர்கள் கரையேறினர், பிள்ளைகள் படித்தனர். அந்த உழைப்பை எவரும் பழிக்க முடியாது. ஆனால் பெற்ற ரிஸ்க்கு எந்த ஊற்றிலிருந்து வந்தது என்பதை அறிந்தவனுக்குப் பொறுப்பும் கூடுகிறது. எண்ணெயால் வாழ்ந்த சமுதாயம் எண்ணெயை வீணாக்குவதிலாவது முந்தாதிருக்க வேண்டாமா? நிக்காஹ் வீட்டில் விடியவிடிய எரியும் வண்ண விளக்குகள், ஆளில்லாத அறையில் ஓடும் குளிர்சாதனம், குப்பைக்குப் போகும் பிரியாணி ஆகியவற்றை இஸ்ராஃப் என்று மிம்பரில் கேட்கிறோம். வாசலைக் கடந்ததும் மறந்துவிடுகிறோம். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்று கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் நாம். ஆறு வற்றிவிடும் என்ற அச்சத்தில் பிறந்ததன்று அப்போதனை. வற்றாத ஆறானாலும் அது நம்முடையதன்று, நம்மிடம் விடப்பட்ட அமானத்து என்ற உணர்விலிருந்து பிறந்தது.

ஒரு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டால் கீரிப்பாறைக்குக் குளிர் திரும்பிவிடுமா என்று கேட்பவர் உண்டு. திரும்பாது. கூடுதல் சில்லறையைத் திருப்பிக் கொடுப்பதால் உலகில் மோசடி ஒழிந்துவிடுவதும் இல்லை. ஆயினும் கொடுத்துவிட்டுத்தான் நாம் தொழுகைக்கு நிற்கிறோம். பயன் எவ்வளவு என்பது அல்லாஹ்வின் கணக்கு. கை சுத்தமா என்பது நம் கணக்கு.

ஷுக்ரு என்பது சுகம் வந்தபோது நாவில் தோன்றும் ஒரு சொல்லோடு முடிந்துவிடுவதில்லை. கிடைத்ததன் உரியவர் யார் என்று கேட்பதும், அவர் பங்கைப் பறிக்காதிருப்பதும் அதன் பாதியாகும். அடுத்த மார்கழியில் ஹவுளின் தண்ணீர் முன்போல் நம் கையைக் கடித்தால் முகம் சுளிக்காதிருப்போம். அந்த நடுக்கத்தின் மறுமுனையில் கீரிப்பாறையின் இருளில் ஒரு சிரட்டை நிரம்பிக்கொண்டிருக்கும். அச்சபல் ஊற்றுக்குரிய பனி மலைமேல் உறைந்துகொண்டிருக்கும். குளிர் வராவிட்டாலும் 'அல்ஹம்து லில்லாஹ்' சொல்வோம். ஆனால் அதைத் தொடர்ந்து, வருந்துவோருக்காக ஒரு துஆவும், நம் செயலுக்காக ஒரு 'அஸ்தக்ஃபிருல்லாஹ்'வும் சேர்த்துச் சொல்வோம்.